ஒரே நெல்லுக்கு இரண்டு ஈரப்பதம்: தடுமாறும் டெஸ்ட்களைப் பிடிக்கும் கணக்கு

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலிலிருந்து ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி ஈரப்பத மீட்டரில் போடுகிறார்கள். 17.4 காட்டுகிறது. வரம்பு 17 சதவீதம். விவசாயி விடுவாரா? "இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள் சார்" என்கிறார். அதே குவியல், அதே மீட்டர், இந்த முறை 16.8. முகங்கள் மலர்கின்றன, சாக்கு பிரிக்கிறார்கள், எடை போடும் வேலை தொடங்கிவிடுகிறது. நெல் உண்மையில் காய்ந்திருக்கிறதா என்பது மட்டும் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். ஒன்பது பேர். அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு வாடகைக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். எந்த ஊரில் எத்தனை மணி நேரம் ஓடியது, பெல்ட் வண்டியா டயர் வண்டியா, தரகர் கொடுத்த முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரும். நிரலில் யார் எதை மாற்றினாலும் பில்ட் பைப்லைன் தானாகக் கிளம்பிவிடும். எங்கோ ஒரு தரவு மையத்தில் ஒரு கணினி புதிதாக எழுந்து, நிரலை இறக்கி, தொகுத்து, நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று தானே பார்க்கும் நூற்றுக்கணக்கான தானியங்கிச் சோதனைகளை, அதாவது டெஸ்ட்களை, ஓட்டும். இப்படி ஓர் ஓட்டம் ஒரு பில்ட். எல்லாம் தேறினால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு, மாற்றம் உள்ளே போகாது. சிவப்பு விழுந்ததும் எங்கள் அறையில் முதலில் எழும் குரல், "அண்ணா, இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா?" என்பதுதான். ஓட்டினால் பெரும்பாலும் பச்சையாகிவிடும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

நிரலும் அதேதான், சோதனையும் அதேதான், முடிவு மட்டும் ஒரு முறை தேறி மறுமுறை தோற்றால் அதைத் துறைக்காரர்கள் ஃப்ளேக்கி டெஸ்ட் என்பார்கள். தடுமாறும் டெஸ்ட் என்று நான் சொல்வேன். எங்கள் அறையில் அதற்கு ‘ஈரப்பதம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பில்ட் சிவப்பா, எந்த டெஸ்ட், ஓ அதுவா, அது ஈரப்பதம், விடு. இப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிய பிறகுதான் ஒரு நாள், இந்த ‘விடு’வில் எதையெல்லாம் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்று யோசிக்கத் தோன்றியது.

இது சின்ன ஊர் அலுவலகங்களுக்கு மட்டும் வரும் நோய் இல்லை. கூகுள் 2016-இல் தன் சோதனைகளைப் பற்றி வெளியிட்ட கணக்கின்படி, அங்கே ஓடிய சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் தடுமாற்றமான முடிவைத் தந்தன. சோதனைகளை எண்ணினால், சுமார் 16 சதவீதத்துக்கு ஏதோ ஓர் அளவில் தடுமாற்றம் இருந்தது. தேறிக்கொண்டிருந்த ஒரு சோதனை தோல்விக்கு மாறிய நிகழ்வுகளை எடுத்துக்கொண்டால், சுமார் 84 சதவீதத்தில் தடுமாறும் டெஸ்ட்டுக்குப் பங்கு இருந்தது. முதல் எண்ணைப் பார்த்து ‘வெறும் ஒன்றரைதானே’ என்று சொல்பவர் மூன்றாவது எண்ணை வந்து பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் அது பொய் என்று நம்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்கிற நிலைக்கு அது ஆளைத் தள்ளிவிடுகிறது.

சின்ன அளவிலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 600 சோதனைகளில் ஆறே ஆறு மட்டும் தடுமாறுகின்றன, ஒவ்வொன்றும் 100 ஓட்டத்தில் 2 முறைதான் பொய்யாகத் தோற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆறும் ஒருசேரத் தேறும் வாய்ப்பு 88.6 சதவீதம். அதாவது ஒன்பது பில்டுக்கு ஒன்று காரணமின்றிச் சிவப்பு. நாளைக்கு 12 பில்ட் ஓடும் அலுவலகத்தில், நான்கில் மூன்று நாள் குறைந்தது ஒரு பொய்ச் சிவப்பாவது வந்தே தீரும். ஆறு டெஸ்ட் செய்கிற வேலை இது.

ஏன் தடுமாறுகின்றன என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், திறந்த மூல மென்பொருள்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களில், தடுமாற்றத்தைச் சரிசெய்த 201 திருத்தங்களை எடுத்து வகைப்படுத்தினார்கள். அவர்களால் காரணம் கண்டறிய முடிந்தவற்றில் சுமார் 45 சதவீதம் ஒரே வகை: ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு, அது முடியும்வரை சரியாகக் காத்திராதது. மேட்டூரில் மதகு திறந்தாயிற்று என்று செய்தி படித்துவிட்டு, நான்கே நாளில் நாகப்பட்டினத்துக் கடைமடை வாய்க்காலில் போய்த் தண்ணீர் தேடுவது போன்றது அது. ஒரு வருடம் சீக்கிரம் வந்திருக்கலாம். இந்த வருடம் வாய்க்காலில் தூர் அதிகம், இன்னும் பல நாள் ஆகும். சோதனை எழுதுகிறவர் ‘2 விநாடி காத்திரு’ என்று எழுதுவதும் இப்படித்தான். ‘தண்ணீர் வந்ததா என்று பார்த்துக்கொண்டே இரு, வந்ததும் மேலே போ, குறித்த கெடு தாண்டியும் வராவிட்டால் மட்டும் தோல்வி என்று சொல்’ என எழுதினால் அந்தத் தடுமாற்றமே இருக்காது.

அடுத்தது, இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே பொருளைத் தொடுவது, சுமார் 20 சதவீதம். அதற்கடுத்தது சோதனைகளின் வரிசையைச் சார்ந்திருப்பது, சுமார் 12 சதவீதம். இந்த வரிசைச் சிக்கல் டெல்டாக்காரர்களுக்கு உடனே பிடிபடும். மேல்வயல்காரர் தன் முறை முடிந்ததும் மடையை அடைக்காமல் போய்விட்டால் கீழ்வயலில் அன்று தண்ணீர் தானாக நிற்கும். கீழ்வயல்காரர் ‘என் மடை நன்றாக வேலை செய்கிறது’ என்று நினைத்துக்கொள்வார். மறுநாள் மேல்வயல்காரர் ஒழுங்காக அடைத்துவிட்டுப் போனால்தான் இவர் மடை தூர்ந்து கிடப்பது தெரியும். ஒரு சோதனை தரவுத்தளத்தில் விட்டுப்போன வரியை நம்பி அடுத்த சோதனை தேறிக்கொண்டிருப்பது அச்சு அசல் இதுதான். வரிசை மாறும் அன்று கீழ்வயல் காயும்.

காரணங்கள் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் ஏன் பிடிக்க முடிவதில்லை? தடயம் நிற்பதில்லை, அதனால்தான். பைப்லைனில் சோதனை ஓட்டும் கணினி பெரும்பாலும் ஒரு முறை வாழ்ந்து மடிவது. வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுகிறார்கள், அதனுள் இருந்த எல்லாமும் அதோடு போகிறது. மிஞ்சுவது பச்சை அல்லது சிவப்பு என்ற ஒற்றைச் சொல்லும், ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட பதிவேடும். ‘மறுபடி ஓட்டு’ பொத்தானை அழுத்திப் பச்சை வந்துவிட்டால், முன்பு சிவப்பாக இருந்தது என்ற நினைவுகூட முகப்பில் இருக்காது. தடுமாற்றம் என்பதை ஒரே ஓட்டத்தில் பார்க்கவே முடியாது. பல ஓட்டங்களை அடுத்தடுத்து வைத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். 17.4 என்பதையும் 16.8 என்பதையும் ஒரே நோட்டில் எழுதியிருந்தால்தானே மீட்டர் ஆடுகிறது என்று சொல்ல முடியும்?

அந்த நோட்டுதான் சோதனை முடிவுகளை வெளியே பதிவேற்றும் ஏற்பாடு. இதற்கு ஏற்கெனவே ஒரு பொது வடிவம் இருக்கிறது. ஜாவா உலகத்தில் ஜேயூனிட் சோதனைகளுக்காக ஆன்ட் என்ற கருவி எழுதித் தந்த எக்ஸ்எம்எல் கோப்பு, காலப்போக்கில் எல்லா மொழிக்காரர்களும் எழுதுகிற, எல்லாச் சேவைகளும் படிக்கிற வடிவமாகிவிட்டது. அதிகாரபூர்வமான தரநிலை என்று எதுவும் கிடையாது, ஆளாளுக்குக் கொஞ்சம் மாற்றி எழுதுவார்கள், ஆனாலும் ஓடுகிறது. பைத்தானில் பைடெஸ்ட் கட்டளையோடு ஒரு சொல் சேர்த்தால் இந்தக் கோப்பு வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ஜெஸ்ட்டுக்கு ஒரு சிறு துணை நிரல் போட வேண்டும்.

கோப்பைத் திறந்து பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி. வகுப்பின் (சோதனைகளைத் தொகுத்து வைக்கும் நிரல் பகுதியின்) பெயர், சோதனையின் பெயர், எடுத்த நேரம். தேறியிருந்தால் அதோடு சரி. தோற்றிருந்தால் உள்ளே தோல்வி என்ற குறியும் செய்தியும் இருக்கும். எங்களுடைய கோப்பு ஒன்றிலிருந்து சொல்கிறேன்: முன்பண ரசீது வகுப்பு, ‘இன்றைய தேதி விழ வேண்டும்’ சோதனை, 0.41 விநாடி, தோல்வி, எதிர்பார்த்தது 21, வந்தது 20. இந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பதிவேற்றுவது சுலபம்போல் தோன்றும். எங்களுக்கு முதல் வாரம் முழுவதும் ஒரு தோல்விகூடப் பதிவாகவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒருவர் காபி வாங்கித் தந்தார். பிறகுதான் புரிந்தது. எங்கள் பைப்லைன் ஓடும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் சேவையில் ஒரு படி தோற்றால் அடுத்த படிகள் இயல்பாகவே ஓடாது. சோதனை தோற்ற அன்று பதிவேற்றும் படியும் ஓடவில்லை. வெற்றியை மட்டும் எழுதும் நோட்டை வைத்துக்கொண்டு மகிழ்ந்திருக்கிறோம். ‘முந்தைய படி என்ன ஆனாலும் இதை ஓட்டு’ என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். வாங்கிய காபியைத் திருப்பித் தர முடியவில்லை.

இன்னொரு மோசமான நிலையும் உண்டு. நினைவகம் போதாமல் சோதனை ஓட்டும் நிரலே நடுவில் செத்துவிட்டால் கோப்பு எழுதப்படாமலே போகும். கோப்பு வரவில்லை என்பதையும் ஒரு முடிவாக எண்ணாவிட்டால், மிக மோசமான தோல்விகள்தான் கணக்கில் மிகச் சுத்தமாகத் தெரியும்.

கோப்போடு என்னென்ன சேர்த்து அனுப்புகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முதலாவது கமிட்டின், அதாவது பதிந்து வைத்த ஒவ்வொரு நிரல் மாற்றத்தின், அடையாளம். ‘நிரல் அதேதான்’ என்று உறுதியாகச் சொல்ல அதை விட்டால் வழியில்லை. இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கிட்ஹப்பில், ‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கும் இணைப்புக் கோரிக்கைக்காக ஓடும் பைப்லைன் தருகிற அடையாளம், நாம் எழுதிய கமிட்டுடையது இல்லை. அதை, எல்லோருக்கும் பொதுவான நிரலாகிய முதன்மைக் கிளையோடு தற்காலிகமாக இணைத்து உண்டாக்கிய கமிட்டுடையது. முதன்மைக் கிளை நகர்ந்தால் அடுத்து உண்டாகும் இணைப்புக் கமிட்டும் மாறும். நம் கமிட்டை மட்டும் குறித்தால், அடியில் நிரல் மாறியதை மறந்துவிட்டு நல்ல டெஸ்ட்டைத் தடுமாறுவதாகப் பழிப்போம். இணைப்புக் கமிட்டை மட்டும் குறித்தால் எது யாருடைய மாற்றம் என்று தேடுவதே பாடாகிவிடும். இரண்டையும் குறித்துவிடுவதே வழி. எத்தனையாவது முயற்சி என்ற எண்ணையும் குறிக்க வேண்டும். முதல் முயற்சி சிவப்பு, அதே கமிட்டின் இரண்டாவது முயற்சி பச்சை என்றால் அதைவிடச் சுத்தமான தடயம் வேறில்லை.

அதன் பிறகு, எத்தனை மணிக்கு ஓடியது என்பதும் கணினியின் பெயரும். மேகக் கணினிகளுக்கு ஆகும் செலவைக் குறைக்க நாங்கள் அலுவலக மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப்பையும் பைப்லைனில் சேர்த்திருந்தோம். மூன்று டெஸ்ட்கள் அந்த ஒரு கணினியில் மட்டும், அதுவும் இரண்டு பில்ட் ஒன்றாக ஓடும்போது மட்டும் தோற்றன. அது தெரிந்த பிறகு ஒரு மாலை வேலைதான். மூன்றிலும் ‘2 விநாடி காத்திரு’ இருந்தது.

சோதனையின் பெயர் நிலையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பெயருக்குள் அன்றைய தேதியையோ தற்செயலாகப் பிறக்கும் எண்ணையோ சேர்த்துவிட்டால், ஒவ்வொரு நாளும் அது புதிதாகப் பிறந்த குழந்தை. வரலாறே சேராது. தோல்விச் செய்திக்குள் என்ன எழுதப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சோதனைத் தரவு என்று உண்மையான வாடிக்கையாளர்களின் கைபேசி எண்களைப் போட்டு வைத்திருப்பவர்கள், கோப்பை வெளிச் சேவைக்கு அனுப்பும் அன்று அவற்றையும் சேர்த்தே அனுப்புகிறார்கள்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஒரே நிரலில் ஒரு முறை தேறி ஒரு முறை தோற்றிருந்தால் அது தடுமாற்றம், வாதமே இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு பேரின் கிளைகளில் ஒரே டெஸ்ட் ஒரே வாரத்தில் விழுந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒரு தேதிக்குப் பிறகு எல்லா ஓட்டத்திலும் தோற்றுக்கொண்டே இருந்தால் அது தடுமாற்றம் இல்லை, உடைந்துவிட்டது. இந்தப் பதிப்புதான் வேண்டும் என்று பூட்டாமல் விட்ட, பிறர் எழுதிய ஏதோ ஒரு நிரல் நூலகம் புதுப் பதிப்போடு வந்து இறங்கியிருக்கும். பில்ட்கைட், கோட்கவ், டேட்டாடாக், ட்ரங்க் போன்ற சேவைகள் இந்தக் கணக்கைப் போட்டு வரிசைப்படுத்தித் தருகின்றன. காசு கொடுக்க மனமில்லாவிட்டால் ஒரு தரவுத்தள அட்டவணையும் இரண்டு வினவல்களும் போதும். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்.

பொறுமைதான் வேண்டும். 100-க்கு 2 முறை தோற்கும் டெஸ்ட் ஒன்றை ஒரு முறையாவது தோற்றுப் பார்த்துவிடுவோம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல 149 ஓட்டங்கள் தேவை. நாளைக்கு 12 பில்ட் என்றால் பன்னிரண்டு நாளுக்குமேல் ஆகும். காத்திருக்க முடியாதவர்கள் இரவில், யாரும் வேலை செய்யாத நேரத்தில், முதன்மைக் கிளையை மாற்றமே இல்லாமல் இருபது முறை ஓட்டி முடிவுகளைச் சேர்க்கலாம். வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டினால் அடைக்காத மடைகளும் சேர்ந்து வெளிவரும்.

மறுபடி ஓட்டுவதை நான் திட்டுவதாக யாரும் நினைக்க வேண்டாம். இரண்டாவது முறை ஓட்டுவது நல்ல விசாரணை, முதல் முடிவையும் எழுதி வைத்தால். ஜாவாவில் சோதனைகளை ஓட்டும் மேவன் ஷ்யூர்ஃபயர் என்ற கருவியில், தோற்றதை மறுபடி ஓட்டச் சொன்னால், பிறகு தேறியவற்றைத் தேறியவற்றோடு கலக்காமல் தடுமாறியவை என்று தனியே எழுதுகிறது. இந்த நேர்மை எல்லாக் கருவிக்கும் இல்லை. மூன்று முயற்சியில் ஒன்று தேறினால் போதும் என்று வைத்துவிட்டு முதல் இரண்டையும் விழுங்கிவிடும் ஏற்பாடுதான் ஆபத்து. 10 சதவீதம் தோற்கும் டெஸ்ட் அப்போது 1,000-த்தில் ஒரு முறைதான் சிவப்பைக் காட்டும். அந்த 10 சதவீதத்துக்குக் காரணம் டெஸ்ட்டில் இல்லாமல் மென்பொருளிலேயே இருந்தால், வாடிக்கையாளருக்கு மூன்று முயற்சி யார் தருவார்கள்?

கண்டுபிடித்ததை என்ன செய்வது? ஒதுக்கிவைத்து ஓட்டுவது பரவலான வழக்கம். டெஸ்ட் ஓடும், முடிவு பதிவாகும், ஆனால் பில்டைச் சிவப்பாக்காது. மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2011-இலேயே இதை எழுதி, ஒதுக்கத்தில் எத்தனை இருக்கலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கச் சொன்னார். வரம்பில்லாத ஒதுக்கம் பரண் மாதிரி. மேலே போனது இறங்காது.

இனி அந்த முன்பண ரசீது. எங்கள் ஈரப்பதங்களில் மிகவும் எரிச்சலூட்டியது அதுதான். பகலில் ஒருபோதும் தோற்காது. தினமும் அதிகாலை 5:15-க்குத் தானாகக் கிளம்பும் பில்டில் மட்டும் சில நாள் தோற்கும், சில நாள் தேறும். அலுவலகம் திறக்கும்போது யாராவது மறுபடி ஓட்டிப் பச்சையாக்கிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். மாதக்கணக்கில் இப்படியே போனது. பதிவேற்றத் தொடங்கி ஒரு மாதம் கழித்து, அந்த டெஸ்ட்டின் முடிவுகளை மட்டும் எடுத்து, ஓடிய நேரத்தின்படி அடுக்கிப் பார்த்தோம். தோல்விகள் எல்லாம் 5:30-க்கு முன்னால். வெற்றிகள் எல்லாம் 5:30-க்குப் பின்னால். நடுவே ஒரு கோடு கிழித்ததுபோல் இருந்தது.

பைப்லைன் கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நள்ளிரவிலிருந்து 5:30 வரை நமக்கு 21-ஆம் தேதி, அந்தக் கணினிக்கு இன்னும் 20. அட்டவணைப்படி கிளம்ப வேண்டிய பில்ட், சேவையில் நெரிசல் இருக்கும் நாளில் தாமதமாகக் கிளம்பும். தாமதமான நாள் 5:30-ஐத் தாண்டிவிடும், தேறிவிடும். நெரிசல் இல்லாத நாள் தோற்கும். சரியான நேரத்தில் வந்ததற்காகத் தோற்ற டெஸ்ட்டை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

டெஸ்ட் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் சர்வரும் அதே உலகப் பொது நேரத்தில்தான் ஓடியது, தேதியை அதன் கடிகாரத்திலிருந்துதான் நிரல் எடுத்தது. அப்படியானால் வாடிக்கையாளர்கள் ஏன் புகார் சொல்லவில்லை? பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தோம். விடியற்காலையில் கணக்குப் போடும் வண்டிக்காரர்கள் பெரும்பாலும் முந்தைய நாள் ஓடிய மணிக்கணக்கைத்தான் போடுகிறார்கள். தப்பாக விழுந்த முந்தைய நாள் தேதி, அவர்களுக்குச் சரியான தேதியாக அமைந்துவிட்டது. மாட்டிக்கொண்டவை, சம்பா அறுவடை நெருக்கத்தில் விடியுமுன் டீக்கடையில் தரகர் கையில் வாங்கி, அங்கேயே ரசீது போட்ட முன்பணங்கள்தான். அவை மட்டும் ஒரு நாள் முன்னால் போய் உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்த வண்டி முதலாளிகள் ஓட்டுநரைத் திட்டியிருப்பார்களே தவிர, மென்பொருளைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

நிரலில் நேர மண்டலத்தைத் தெளிவாகக் குறிக்க இரண்டு வரி மாற்றினோம். அடுத்த குறுவைக்குள் சரிசெய்ய வேண்டும் என்று தேதி எழுதி ஒதுக்கத்தில் வைத்திருந்த அந்த டெஸ்ட்டை அன்றே வெளியே எடுத்தோம். மணிக்கணக்கைப் போடும் திரையில், ‘வேலை நடந்த நாள்’ என்று தனியாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டியதாயிற்று, தப்பான தேதியால் இதுவரை சரியாக இருந்தவர்களுக்காக.